கயிற்றில் நனையாத பாகம்

கல்வராயன் மலையடிவாரத்தில் கிணற்றுத் தண்ணீரை அளக்க ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு. கைப்பிடிச் சுவரோரம் குந்தி, கல்லை மெல்ல உள்ளே விட்டால் தொளக்கென்று சத்தம் வரும். அதற்குமேல் ஒரு பிடி கயிறு இறக்கி, சுவர் விளிம்பில் கட்டைவிரலால் அடையாளம் பிடித்தபடி மேலே இழுக்க வேண்டும். பிறகு எண்ணுவது நனையாத பாகத்தை. விரல் பிடித்த இடத்திலிருந்து ஈரம் தொடங்குகிற இடம் வரை எத்தனை முடிச்சோ, அதுதான் கணக்கு.

"நேத்து முப்பதுல கெடந்துச்சு அண்ணே. ராத்திரி மழைக்கு இருபத்தெட்டரைக்கு வந்திருக்கு."

"பரவால்லையே, ஒன்றரை அடி ஏறிடுச்சே!"

முப்பது, இருபத்தெட்டரை ஆகிவிட்டது. எண் இறங்கியிருக்கிறது, வாயில் வரும் சொல் 'ஏறிடுச்சு'. இதில் யாரும் தடுமாறுவதில்லை. மோட்டார் போடலாமா, கரும்புக்கு விடலாமா என்று பேச்சு அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

அந்தக் கொல்லையில் கயிற்றைச் சுருட்டி வைக்கிற பிள்ளை எட்டாம் வகுப்புப் படிப்பதாக வைத்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் விகிதமுறு எண்களோடுதான் தொடங்குகிறது. −1/2, −3/4 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், அந்தப் பிள்ளை −3/4 என்று எழுதக்கூடும். அரையைவிட முக்கால் பெரியது என்பது பால்வாடியிலிருந்தே தெரியும். முன்னால் நிற்கும் சின்னக் கோடு அந்த அறிவை அசைப்பதில்லை. தாளில் சிவப்பு மை விழும். "மைனஸ் வந்தா தலைகீழா மாத்திக்கோ" என்ற சூத்திரம் கிடைக்கும். பிள்ளை மாற்றிக்கொள்ளும். ஏன் மாற்ற வேண்டும் என்பது கயிற்றில் இருந்தது. அது வகுப்பறைக்கு வந்து சேரவில்லை.

இந்தத் தவறில் பாதிப் பங்கு 'பெரியது' என்ற சொல்லுக்கு உண்டு. பெரிய மலை, பெரிய கிணறு, பெரிய கடன் என்கிறபோது நாம் பார்ப்பது பருமனை. முக்கால் லட்சம் கடன் அரை லட்சம் கடனைவிடப் பெரியது என்றால் தமிழில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் > என்ற குறி பருமனைப் பற்றிப் பேசுவதே இல்லை. எண்கோட்டில் எது எதற்கு வலப்புறம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. குறியை மறைத்துவிட்டுப் பார்க்கிற பருமனுக்குக் கணக்கில் மட்டு மதிப்பு என்று வேறு பெயர் இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டால் பிள்ளை எதைப் பிடிக்கும்? −1/2 > −3/4 என்பதை 'மைனஸ் அரை, மைனஸ் முக்காலைவிடப் பெரியது' என்று வாசித்தால் காது ஒத்துக்கொள்ள மறுக்கிறது. 'மைனஸ் அரை, மைனஸ் முக்காலுக்கு மேலே இருக்கிறது' என்று வாசித்தால் கிணறு கண்முன் வந்து நிற்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கத்துச் சம்சாரிகளின் காது இரண்டு எண்களின் மேலேயே இருக்கும். ஒன்று அணையின் எண். மலையில் பெய்கிற மழை கோமுகி ஆறாக இறங்கி, கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் 1960களில் கட்டிய அணையில் தேங்குகிறது. அணை நிரம்பினால் 46 அடி. மணிமுக்தா அணைக்கு 36. இந்த எண்கள் அடியிலிருந்து மேல்நோக்கி எண்ணப்படுபவை. 38, 41, 44 என்று கூடக்கூட ஆயக்கட்டில் நம்பிக்கை கூடும். இன்னொன்று கிணற்றின் எண். அது 30, 28½, 27¾ என்று குறையக்குறைய நம்பிக்கை கூடும். பெய்தது ஒரே மழை. தண்ணீர் இரண்டு இடத்திலும் மேல்நோக்கித்தான் வருகிறது. எண்கள் மட்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. கிணற்றின் எண்களுக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டதும் அந்தப் பிணக்கு தீர்ந்துவிடுகிறது: −30, −28½, −27¾. இப்போது கிணற்றின் எண்ணும் தண்ணீரோடு சேர்ந்து ஏறுகிறது. குறை எண் என்ற ஒன்று கணக்குக்கு எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பதில் இது.

அரசு ஏடுகள் இந்த மைனஸைப் போடுவதில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை நாடெங்கும் கண்காணிப்புக் கிணறுகளை அளக்கிறது. அளவு 'தரைமட்டத்துக்குக் கீழே இத்தனை மீட்டர்' என்று பதிவாகிறது. 'கீழே' என்ற சொல்லே மைனஸின் வேலையைச் செய்துவிடுவதால், குறி இல்லாமலே நடக்கிறது. அட்டவணையில் எண் கூடியிருந்தால் ஊருக்குக் கேடு. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது சரி. அவசரமாகப் புரட்டுகிற கண் 'கூடியிருக்கிறது' என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

திசையைத் தலைகீழாக வைத்துக்கொண்ட அளவுகோல்கள் அறிவியல் வரலாற்றிலும் உண்டு. சுவீடன் வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தன் வெப்பமானிக்கு அமைத்த அளவில், தண்ணீர் கொதிக்கும் நிலை 0. உறையும் நிலை 100. சூடு ஏற ஏற எண் இறங்கும், நம் கிணற்றுக் கயிற்றைப் போல. அவர் 1744-இல் இறந்துபோன பிறகுதான் அளவு திருப்பிப் போடப்பட்டது. இன்று அவலாஞ்சியில் மார்கழிக் குளிர் −1, −2 என்று செய்தி வருகிறபோது நாம் படிப்பது அந்தத் திருப்பிய அளவை.

திருப்பிய பிறகும் சிக்கல் விடவில்லை. 2007-இல் இங்கிலாந்தின் தேசிய லாட்டரி, குளிர்காலத்தை வைத்து ஒரு சுரண்டல் சீட்டை விற்பனைக்கு விட்டது. சீட்டில் அச்சாகியிருக்கும் வெப்பநிலையைவிடச் சுரண்டினால் தெரிகிற வெப்பநிலை குறைவாக இருந்தால் பரிசு. அச்சில் −8, சுரண்டினால் −6. எட்டைவிட ஆறு குறைவுதானே என்று பரிசு கேட்டுப் பலர் கடைக்குப் போனார்கள். புகார்கள் வந்தபடி இருந்ததால் சீட்டையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பனி விழுகிற நாட்டில், ஒவ்வொரு குளிர்காலத்திலும் மைனஸைக் காதில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அதே நாட்டில் பிரான்சிஸ் மசேரஸ் என்ற கணித அறிஞர் 1758-இல், பூஜ்யத்துக்குக் கீழே தனியாக ஒரு எண் இருக்க முடியாது என்று வாதிட்டுப் புத்தகமே எழுதினார். எட்டாம் வகுப்புப் பிள்ளை தடுக்கி விழுகிற இடத்தில் பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள். அதனால்தான் 'தலைகீழா மாத்திக்கோ' என்ற ஒற்றை வரி போதாது.

தமிழ்க் கணக்குக்குக் 'கீழே' என்பது பழகிய சொல். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பித்த எண்சுவடி, ஒன்றும் அதற்கு மேலும் உள்ளதை மேல்வாய் இலக்கம் என்றும் ஒன்றுக்குக் கீழே உள்ளதைக் கீழ்வாய் இலக்கம் என்றும் பிரித்தது. முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று அந்த ஏணி இறங்கும். முந்திரி என்பது 1/320. அதையும் 320 கூறு போட்டால் கீழ்முந்திரி. மாவுக்கும் வீசத்துக்கும் எது கூடுதல் என்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் பகுதி எண், மீப்பொது மடங்கு என்று தேட வேண்டியதில்லை. 1/20 ஆன மா பதினாறு முந்திரி. 1/16 ஆன வீசம் இருபது முந்திரி. வீசமே கூடுதல். பின்னங்களை ஒப்பிடுவதற்கு வேண்டிய பொதுப் பகுதியைத் தமிழ் அளவை முறை முந்திரி என்ற பெயரில் முன்கூட்டியே செய்து வைத்திருந்தது. முந்திரிக்கு மேல் ஒரு காணி கூடியதும் தன்னை இந்திரனாக நினைத்துக்கொள்கிறவனைப் பற்றி நாலடியார் பேசுகிறது. காணி என்பது நான்கு முந்திரி. ஆக அவனிடம் சேர்ந்தது மொத்தம் ஐந்து முந்திரி, ஒன்றில் அறுபத்து நாலில் ஒரு பங்கு. அந்தச் சிறுமையை மனக்கணக்காகப் பிடிக்கத் தெரிந்த வாசகர்களுக்காக எழுதிய பாட்டு அது.

இந்த ஏணி எவ்வளவு இறங்கினாலும் பூஜ்யத்தைத் தொடாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த ஊர்களின் நிலக் கணக்கு வேலியில் தொடங்கி மா, காணி, முந்திரி, கீழ்முந்திரி என்று நுணுகிப் போகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று இறை கட்டாத நிலங்களை நீக்கிவிட்டு மீதிக்கு இறை போட்டார்கள். அத்தனை நுட்பமான கழித்தல் முடிந்த பிறகும் கையில் நிற்பது நிலம்தான். பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் அந்தக் கணக்கு போக வேண்டியிருக்கவில்லை.

ஆகவே தமிழ்ப் பிள்ளையின் காதில் இரண்டு 'கீழே' இருக்கின்றன. ஒன்றுக்குக் கீழே இறங்க இறங்க நாம் பூஜ்யத்தை நெருங்குகிறோம். பூஜ்யத்துக்குக் கீழே இறங்க இறங்க அதைவிட்டு விலகுகிறோம். அரை, ஒன்றுக்குக் கீழே. மைனஸ் அரையோ மைனஸ் ஒன்றுக்கு மேலே. இதைக் கரும்பலகையில் படுக்கையாக ஒரு கோடு இழுத்துச் சொல்வதைவிட, சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துச் சொல்லலாம். மலையும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊரில் எண்கோடு ஏன் படுத்தே கிடக்க வேண்டும்?

பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் போன கணக்கு கடனிலிருந்து வந்தது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ருணம், அதாவது கடன் என்றும் அழைத்து, இரண்டையும் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் தந்தார். தெலுங்கும் இந்தியும் இன்றும் அந்தச் சொற்களைப் பாடப்புத்தகத்தில் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் மிகை எண், குறை எண். இலங்கையில் நேர் எண், மறை எண். பக்ஷாலி என்ற பழைய மரப்பட்டைக் கணிதச் சுவடியில் குறை எண்ணுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் அடையாளம் இன்றைய கூட்டல் குறியின் வடிவில் இருக்கிறது. குறி எதுவாகவும் இருக்கலாம், எந்தத் திசை என்பதில் உடன்பாடு இருந்தால் போதும் என்பதற்கு அந்த ஏடு சாட்சி.

கல்வராயன் மலையில் கடன் என்பது பாடப்புத்தக உதாரணத்தோடு முடிகிற விஷயம் அல்ல. தலைமுறை தலைமுறையாக ஜாகீர்களாக இருந்த இந்த மலை 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கொத்தடிமைக் கடன் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கணக்கின் மொழியில் சொன்னால், எவ்வளவு கீழே கிடந்த எண்ணாக இருந்தாலும் சட்ட ஏட்டில் அன்று பூஜ்யத்துக்கு ஏறியது. இன்றும் மலையிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் வேலைக்கு இறங்குகிற குடும்பத்துக்கு ஆண்டு மைனஸில்தான் தொடங்குகிறது. முக்கால் லட்சம் வாங்கியவர் மூன்று மாதம் உழைத்துக் கால் லட்சத்தைக் கழித்தால் −3/4 என்பது −1/2 ஆகும். கையில் காசு சேரவில்லை; வீட்டில் யாரும் அதைச் சம்பாத்தியம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கால் லட்சம் வைத்திருந்தவர் அரை லட்சத்துக்கு உயர்வதும், முக்கால் லட்சக் கடனாளி அரை லட்சக் கடனாளி ஆவதும் எண்கோட்டில் ஒரே தூரம், ஒரே திசை. வியர்வையும் குறைந்தது இல்லை. −1/2, −3/4-ஐவிட மேலானது என்று எழுதுகிற பிள்ளை அப்பனின் மூன்று மாதத்தைச் சரியாக மதிப்பிடுகிறது.

பின்னத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஆசிரியர்கள் அதிகம் கவனிக்காதது. −28¾ என்று எழுதியதும் பல பிள்ளைகள் முதலில் −28-க்குப் போய், அங்கிருந்து முக்கால் மேலே ஏறிவிடுவார்கள். அப்படிப் போனால் −27¼-இல் நிற்போம். மைனஸ் முன்னால் நிற்கிற 28-க்கு மட்டும் உரியதல்ல, ஒட்டிக்கொண்டிருக்கிற முக்காலுக்கும் சேர்த்துத்தான். இருபத்தெட்டு அடி இறங்கி, இன்னும் முக்கால் அடி இறங்க வேண்டும். அந்த இடம் −29-க்குக் கால் அடி மேலே. ஆகவே −28½-உம் −28¾-உம் வந்தால் −28½ மேலே. பழைய தலைமுறை மடக்கை அட்டவணையோடு மல்லுக்கட்டிய காலத்தில் இதற்கு நேர்மாறான எழுத்து முறை ஒன்று இருந்தது. எண்ணின் தலைமேல் கோடு போட்டு 'பார் டூ பாயிண்ட் செவன் ஃபைவ்' என்பார்கள். அந்தக் கோடு இரண்டுக்கு மட்டும். புள்ளிக்குப் பின்னால் வருவது மிகை. அங்கே −2-க்குப் போய் முக்கால் ஏறுவதே சரி. இரண்டையும் ஒரே கையால் எழுதிய பிள்ளைகள் குழம்பியதில் வியப்பில்லை.

தலைகீழாக மாற்றுவது ஏன் சரியாக வருகிறது என்பதைக் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தால் தெரியும். கிணற்றின் மொத்த ஆழம், அதே சுவர் விளிம்பிலிருந்து, நாற்பது அடி என்று வைத்துக்கொள்வோம். நேற்று தண்ணீர் −30-இல். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் பத்தடித் தண்ணீர். இன்று −28½, பதினொன்றரை அடித் தண்ணீர். இரண்டு எண்களோடும் நாற்பதைக் கூட்டியிருக்கிறோம், வேறொன்றும் செய்யவில்லை. பத்தா பதினொன்றரையா எது கூடுதல் என்பதற்கு யாருக்கும் சூத்திரம் வேண்டாம். −3/4, −1/2 இரண்டோடும் ஒன்றைக் கூட்டினால் 1/4, 1/2. கால் கீழே, அரை மேலே. ஆக −3/4 கீழே, −1/2 மேலே. முறைத்துப் பார்க்கிற ஜோடிகளுக்கும் இதுவே. −2/3-உம் −3/5-உம் வந்தால் ஒன்றைக் கூட்ட 1/3, 2/5. பதினைந்தின் கூறாக்கினால் ஐந்தும் ஆறும். −3/5 மேலே. பூஜ்யத்தை எங்கே கொண்டுபோய் நட்டாலும், எல்லாவற்றுக்கும் ஒரே பூஜ்யமாக இருக்கும் வரை, மேல் கீழ் வரிசை குலையாது. திசையைத் திருப்பினால்தான் வரிசை புரளும். ஆழமும் கடனும் செல்சியஸின் முதல் அளவும் திசை திரும்பியவை. அவற்றுக்கு முன்னால் போடுகிற மைனஸ் அந்தத் திருப்பத்தைச் சொல்லும் குறி. கயிறு பிடிக்கிறவர்களும் இரண்டு பாஷையும் பேசுகிறார்கள்: "இருபத்தெட்டரையில இருக்கு" என்பதும் "பதினொன்றரை அடி தண்ணி நிக்குது" என்பதும் ஒரே கிணற்றைப் பற்றியவைதான்.

பூஜ்யம் மனிதர்கள் நட்ட கம்பம் என்பதை இந்த மலை நன்றாகவே காட்டும். சின்னக் கல்வராயன் சுமார் 2700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4000 அடி என்கிறபோது பூஜ்யம் கடல் மட்டம். அந்தக் கடல் மட்டமும் தானாகக் கிடைத்ததல்ல. நாகப்பட்டினம், சென்னை உட்பட ஒன்பது துறைமுகங்களில் அலையேற்றத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து, இந்திய நில அளவைத் துறை 1909-இல் முடித்த வேலை அது. அந்தப் பூஜ்யத்தை வைத்துப் பார்த்தால் கேரளத்தின் குட்டநாட்டு வயல்கள் மைனஸில் இருக்கின்றன. கள்ளக்குறிச்சியின் ஆழமான போர்வெல்லில் நிற்கும் தண்ணீர்கூடப் பல இடங்களில் பிளஸ்ஸில் இருக்கும். மலைமேல் வெள்ளிமலையில் இருப்பவர் கள்ளக்குறிச்சிக்குப் போவதைக் 'கீழே போறது' என்கிறார். அவருடைய பூஜ்யம் அவர் வாசல். கச்சிராயபாளையத்துச் சந்தை மைனஸில். வாசலைப் பூஜ்யமாக வைத்தாலும் கடலை வைத்தாலும் வெள்ளிமலை மேலே, கச்சிராயபாளையம் அதற்குக் கீழே, அணையின் அடிமட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான்.

ஒரே பூஜ்யம் என்ற நிபந்தனையை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்தடுத்த இரண்டு கொல்லைகள் போதும். சமதரை. ஒரு கிணற்றுக்கு 2¾ அடி உயரக் கைப்பிடிச் சுவர். இன்னொன்று சுவரில்லாத வெட்டுக் கிணறு. சுவர் விளிம்பிலிருந்து விட்ட கயிற்றில் நனையாத பாகம் 28½ அடி. வெட்டுக் கிணற்றில், தரையிலிருந்து விட்டதில், 26¼. "ஒங்க கெணத்துலதான் மேல நிக்குது" என்று சுவர்க்காரர் பெருமூச்சு விட்டால், பக்கத்தில் கயிறு சுருட்டுகிற பிள்ளை சுவரின் உயரத்தைக் கழித்துப் பார்க்கச் சொல்லலாம். 28½-இல் 2¾ போனால் 25¾. இப்போது இரண்டுக்கும் தரையே பூஜ்யம்: −25¾, −26¼. சுவருள்ள கிணற்றில் தண்ணீர் அரை அடி மேலே நிற்கிறது.